பதிவேட்டில் இல்லாத கட்டம்

என் மகள் வயிற்றுப் பேத்தி உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறாள். கடைசி வருடம். சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, "தாத்தா, எங்க லேபுக்கு வர்றீங்களா? ஆஸ்பத்திரி லேபுல வேலை பார்த்தேன்னு சொல்லிட்டே இருப்பீங்களே" என்றாள். நான் லேபில் வேலை பார்க்கவில்லை. லேபின் பதிவேட்டை எழுதினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்குப் பலமுறை சொல்லியாகிவிட்டது, காதில் ஏறவில்லை. முழங்கால் வலியோடு ராயபுரத்திலிருந்து கிளம்பிப் போனேன்.

அங்கே டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. திரையில் ஒரு பச்சைக் கோடு, மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன தெரியுது தாத்தா?"

"கோடு தெரியுது."

"அந்தக் கோடுதான் செல். உள்ள உயிரோட உட்கார்ந்திருக்கு. தரையில காலைப் பரப்பி ஒட்டிக்கிட்டே போகுது, அதான் கோடு ஏறுது."

நான் கேட்ட முதல் கேள்வி, "சாயம் போடலையா?" என்பது. "போடல தாத்தா. அதான் இதுல விஷயமே" என்றாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் சாயத்துக்கும் நாற்பது வருடக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு இந்தப் பெட்டிக்கு வருகிறேன்.

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு மொழிவழியில். பக்கலொரெயா முடித்தவனுக்கு இங்கிலீஷில் ஒரு லீவ் லெட்டர் எழுத வராது. எப்படியோ 1974-ல் வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் எழுத்தர் வேலை கிடைத்து, ராயபுரத்தில் குடியேறினேன். முதல் மாதமே என் கையெழுத்தால் ஒரு தகராறு. பிரெஞ்சுப் பள்ளியில் ‘1’ என்ற எண்ணுக்கு முன்னால் நீளமாக ஒரு ஏற்றக்கோடு போடப் பழக்குவார்கள். இங்கே அதை எல்லோரும் 7 என்று படித்தார்கள். 11-ஆம் நம்பர் சளி 77-ஆம் நம்பர் நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது. சூப்பரின்டெண்ட் என்னைக் கூப்பிட்டு, நான்காம் வகுப்புப் பையனைப்போல் உட்காரவைத்து, ஒரு பக்கம் முழுக்க 1 எழுதச் சொன்னார். எழுதினேன்.

சில வருடங்களில் காசநோய்ப் பிரிவின் சளிப் பரிசோதனைப் பதிவேடு என் மேசைக்கு வந்தது. லேப் டெக்னீசியன் நல்ல மனிதர். ஓய்வு நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்க்க விடுவார். அவர் செய்ததை அருகில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். சளியைக் கண்ணாடி ஸ்லைடில் பரப்பிக் காயவைத்து, தீயில் காட்டி ஒட்டவைப்பார். கார்பால் ஃபக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி கிளம்பும்வரை அடியில் சூடு காட்டுவார். பிறகு கந்தக அமிலம். அமிலம் பட்டதும் மற்றதெல்லாம் சிவப்பை விட்டுவிடும். காசநோய்க் கிருமிக்கு மெழுகுபோல் ஒரு தோல் உண்டு, அது மட்டும் சாயத்தை விடாது. கடைசியாக மெத்திலீன் நீலம். நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள் சிதறிக் கிடக்கும். ஸீல்–நீல்சன் முறை என்று பெயர். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24-ல் பெர்லினில் இந்தக் கிருமியை அறிவித்த சில மாதங்களிலேயே இதன் அடிப்படை உருவாகிவிட்டது. பிரெஞ்சில் இதற்கு ‘பாசில் த கோக்’ என்று பெயர்; டாக்டர்கள் சுருக்கமாக ‘பே-கா’ என்பார்கள். பாண்டிச்சேரியில் சின்ன வயதில் பெரியவர்கள் யாரையாவது காட்டி ‘பே-கா’ என்று குசுகுசுப்பதைக் கேட்டிருக்கிறேன். அதை நேரில் பார்த்தது ராயபுரத்துக்கு வந்த பிறகுதான்.

முதல் தடவை பார்த்துவிட்டு, "இது உயிரோட இருக்கா?" என்று கேட்டேன். டெக்னீசியன் சிரித்துவிட்டார். "இன்னா சார் நீ, நெருப்புல காட்டி, ஆசிட் ஊத்தி, சாயத்துல குளிப்பாட்டிக்கீறேன். எது சார் உயிரோட இருக்கும்?"

"சரி, சளியா வந்தப்போ உயிரோட இருந்துச்சா?"

"அது இதுல தெரியாது சார். செத்ததும் சிவப்புதான், இருந்ததும் சிவப்புதான்."

என் பதிவேட்டில் எண், பெயர், வயது, விலாசம், தேதி, முடிவு என்று கட்டங்கள் இருந்தன. முடிவில் நெகட்டிவ், அல்லது 1+, 2+, 3+. உயிருள்ளதா, செத்ததா என்பதற்குக் கட்டம் கிடையாது. அப்போது அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவில்லை.

1983 கடைசியில் என் மனைவியின் தம்பிக்கு இருமல் வந்தது. அவன் எங்களோடுதான் இருந்தான். துறைமுகத்தில் காண்ட்ராக்ட் ஆளாகச் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு திண்ணை. அதற்குள் நாங்கள் இருவர், இரண்டு வயதுக் குழந்தை, அவன். சளியில் 3+. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கை நிறைய மாத்திரை. ஒரு நாள் தவறவில்லை, நானே கூட்டிப்போனேன். காய்ச்சல் நின்றது. எடை ஏறியது. ஆறாவது மாதம் மறுபடி சளி பார்த்தார்கள். 1+.

அந்த 1-ஐ என் கையால்தான் எழுதினேன். ஏற்றக்கோடு இல்லாமல், எல்லோருக்கும் புரியும்படி.

டாக்டர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. மருந்துக்கு அடங்காத கிருமியாக இருக்கலாம்; அல்லது மருந்தில் செத்துப்போனது இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கலாம். ஸ்லைடில் சொல்ல முடியாது, கல்ச்சருக்கு அனுப்புவோம். உயிருள்ளதாக இருந்தால் முட்டைக் கருவில் செய்த ஊடகத்தில் வளரும். காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஆகவே ‘வளரவில்லை’ என்று தைரியமாகச் சொல்ல எட்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

அந்த எட்டு வாரத்தில் நான் நடந்துகொண்ட விதத்தைத்தான் இங்கே எழுத வேண்டும். அவனுக்குத் தட்டு, டம்ளர் தனி என்றேன். எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றிலும் மனைவியின் பெயர் வெட்டியிருக்கும். அடையாளம் தெரியாமல் கலந்துவிடக் கூடாதே என்று, அவன் டம்ளரின் அடியில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறினேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீறினேன். படுக்கையை மாடியில் கூரைக் கொட்டகைக்கு மாற்றச் சொன்னேன். குழந்தை ‘மாமா’ என்று ஓடினால் பிடித்து இழுத்துக்கொள்வேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. "சரி மாமா" என்று மட்டும் சொன்னான். காண்ட்ராக்டரிடம் யார் சொன்னார்களோ, வேலையும் போயிற்று.

எட்டு வாரம் கழித்து முடிவு வந்தது. வளர்ச்சி இல்லை. அவன் நெஞ்சிலிருந்து வந்தது வெறும் பிணங்கள். அந்த வாரமே அவன் எண்ணூர்ப் பக்கம் ஒரு வேலை பார்த்துக்கொண்டு, கத்திவாக்கத்தில் ஒரு அறை எடுத்துப் போய்விட்டான்.

இதில் என்னை இன்னும் அதிகமாகக் குத்துவது பிற்பாடு தெரிந்துகொண்ட ஒரு விஷயம். இதே சென்னையில், சேத்துப்பட்டில், 1956-ல் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்றைக்கு அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டரின் தலைமையில் அங்கே ஓர் ஆய்வு நடந்தது. 193 ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை நெரிசலான அவர்கள் வீட்டிலேயும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து எதுவும் வரவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த மெட்ராஸ் ஆய்வு ஒரு பெரிய காரணம். நான் டம்ளரில் கீறியதற்கு இருபத்தைந்து வருடம் முன்பே, என் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், கீற வேண்டியதில்லை என்று நிரூபித்திருக்கிறார்கள். மருத்துவமனைப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவனுக்கு அது தெரியவில்லை.

இனி பேத்தியின் பெட்டி. அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

ஒரு கண்ணாடிப் பட்டகம். அதன்மேல் தங்கப் பூச்சு, கனம் சுமார் 50 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. (இந்தத் தங்கத்துக்கு என் மனைவி மதிப்பே கொடுக்கமாட்டாள்.) செல்கள் தங்கத்தின்மேல் திரவத்தில் இருக்கின்றன. ஒளியை மேலிருந்து பாய்ச்சுவதில்லை, கீழேயிருந்து கண்ணாடி வழியாகச் சாய்வாக விடுகிறார்கள். அது செல்லைத் தொடாமல், அடியிலேயே எதிரொளித்துத் திரும்பிவிடுகிறது.

"அப்புறம் எப்படி செல்லைப் பத்தித் தெரியும்?" என்றேன்.

"முழு அக எதிரொளிப்பு படிச்சிருக்கீங்களா தாத்தா?"

படித்திருக்கிறேன். ‘ரெஃப்ளெக்ஸியோன் தொத்தால்’. பாண்டிச்சேரியில் எங்கள் பௌதிக ஆசிரியர் ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டுப் பால் விட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துக் காட்டினார். ஒளிக்கற்றை தண்ணீரின் மேற்பரப்பைத் தொட்டு, வெளியே வராமல் மடங்கிக் கீழே போயிற்று. "பூரா ஒளியும் திரும்பிவிட்டது, ஒரு துளிகூட வெளியே வரவில்லை" என்று பிரெஞ்சில் சொன்னார். பேத்தி சொல்கிறாள், அது முழு உண்மையில்லையாம். திரும்புவதற்குமுன் ஒளி அந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. ஒன்றிரண்டு நூறு நானோமீட்டர் தூரம்தான், அதற்குள் தேய்ந்து மறைந்துவிடும். பிரெஞ்சில் அதற்கு ‘ஓந்த் எவானெசான்த்’, மறைந்துபோகிற அலை. தங்கப் பூச்சு இருந்தால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஒளியைத் தங்கத்தின் எலெக்ட்ரான்கள் விழுங்கிவிடும். எந்தக் கோணம் என்பது தங்கத்துக்கு மேலே அந்த மெல்லிய அடுக்கில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. செல் காலைப் பரப்பி அழுத்தமாக ஒட்டினால் கோணம் ஒரு பக்கம் நகரும். விஷம் பட்டுச் சுருண்டு காலைத் தூக்கினால் எதிர்ப்பக்கம் நகரும். காசிமேட்டில் வயதான மீனவர்கள் படகு எவ்வளவு அமிழ்ந்து வருகிறது என்பதைக் கரையிலிருந்து பார்த்தே பாடு எப்படி என்று சொல்லிவிடுவார்கள். ஏறி மீனை எண்ணுவதில்லை. அதுமாதிரிதான் என்று எடுத்துக்கொண்டேன். பேத்தியும் சரி என்றாள்.

எதிரொளிப்புக் கணக்கையெல்லாம் எழுதிவைத்தவர் ஒகுஸ்தேன் ஃபிரெனெல். எங்கள் பள்ளியில் அந்தப் பெயருக்குத் தனி மரியாதை. கலங்கரை விளக்கத்துக்கான அடுக்குக் கண்ணாடி வில்லையைச் செய்தவரும் அவரே. அவரும் ஓர் அரசு ஊழியர், சாலை போடும் துறையில் பொறியாளர். ஆபீஸ் நேரம் போகத்தான் ஒளி. 1827 ஜூலை 14-ல், 39 வயதில் காசநோயில் இறந்தார். அந்தத் தேதியில் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுத் தேசிய தினம் கொண்டாடுவார்கள். ஒவ்வொரு வருடமும் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறேன், இதை யாரும் சொன்னதில்லை.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. ஐஐடி மும்பையிலும் ஐஐடி மெட்ராஸிலும் தங்கத்தகடு, பட்டகம் எதுவும் இல்லாமல், கண்ணாடி இழையை ‘யூ’ வடிவில் வளைத்து உணரி செய்திருக்கிறார்கள். வளைப்பானேன்? நேரான இழையில் ஒளி உள்ளேயே அடங்கிப் போகும். வளைவில் கொஞ்சம் அதிகமாக வெளியே எட்டும். காசிமேடு திருப்பத்தில் பஸ் திரும்பும்போது ஃபுட்போர்டில் தொங்குகிற பையன்கள் வெளியே வீசப்படுவதைப் பார்த்திருப்பீர்கள், அதைப்போல. 2011-ல் ஐஐடி மும்பைக் குழு இப்படி ஒரு இழையில், சாயம் எதுவும் இல்லாமல், ஈ.கோலி கிருமியைக் கண்டுபிடித்த கட்டுரையை வெளியிட்டது. கழிவுநீர் கலந்த தண்ணீரில் இருக்கிற அதே கிருமிதான். குழாயில் கறுப்பாகத் தண்ணீர் வந்து, சாம்பிள் எடுத்துப்போனவர்கள் எப்போது பதில் சொல்வார்கள் என்று காத்திருந்த ராயபுரத்துக்காரர்களுக்கு இதன் அருமை புரியும்.

சாயம் என்றாலே எனக்கு வந்துவிட்ட கசப்பைப் பார்த்து, பேத்தி என்னைத் திருத்தினாள். எல்லாச் சாயமும் கொல்வதில்லையாம். உயிருள்ள செல்லிலேயே ஒளிரும் சாயங்கள் உண்டு. ஆனால் அவற்றை ஒளிரவைக்கப் பாய்ச்சுகிற வெளிச்சமே நேரமானால் செல்லை வாட்டும், சாயமும் மங்கிப்போகும். சாயமில்லாத முறைக்கும் கோளாறு உண்டு. அறையின் சூடு ஒரு டிகிரி மாறினாலும் கோடு ஆடும். தங்கத்தின்மேல் வந்து உட்கார்ந்தது கிருமியா, வெறும் புரதமா, அழுக்கா என்று ஒளிக்குத் தெரியாது, எல்லாமே எடைதான். அதனால் இன்ன கிருமியை மட்டும் பிடித்துக்கொள்கிற எதிர்ப்பொருளை முன்கூட்டியே தரையில் ஒட்டிவைக்கிறார்கள். எழுத்தனாக முப்பத்தாறு வருடம் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டவனுக்கு இது ஆறுதலாக இருந்தது. பெயரே எழுதாமல் காலம் தள்ள முடியாது.

நான் போனதன் பலன் அவள் கடைசியில் காட்டிய கட்டுரை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நோங்ஜியன் தாவோ என்பவரின் குழு 2016-ல் வெளியிட்டது. இதே தங்கப் பூச்சின்மேல் ஈ.கோலியை ஒட்டிவைத்து, ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாகக் கவனித்திருக்கிறார்கள். ஒட்டியிருந்தாலும் உயிருள்ள கிருமி சும்மா இருப்பதில்லை. சில நானோமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. மருந்து விட்டதும் அந்த அதிர்வு குறைகிறது. வளரவிட்டுக் காத்திருக்க வேண்டாம், அது துடிக்கிறதா என்று பார்த்தால் போதும்.

"சில மணி நேரத்துல தெரிஞ்சிடும் தாத்தா" என்றாள்.

"டி.பி.க்கு?"

"அது இன்னும் வரல. அது ரொம்ப சோம்பேறிக் கிருமி. நீந்தாது, மெழுகுத் தோல் வேற."

இப்போது சளியில் கிருமியின் டி.என்.ஏ.வை இரண்டு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்கும் இயந்திரம் அரசு மருத்துவமனைகளிலேயே வந்துவிட்டது. நோய் இருக்கிறதா என்பதற்கு அது அற்புதம். ஆனால் செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் அது எண்ணிக்கொள்ளும். அதனால் சிகிச்சை நடுவில் இருப்பவரை அதை வைத்து எடைபோட முடியாது; மறுபடி ஸ்லைடு, மறுபடி கல்ச்சர். திரவ ஊடகம் வந்து கல்ச்சர் வேகமாகியிருக்கிறது. இருந்தும் ‘இல்லை’ என்று எழுத ஆறு வாரம்.

போன ஞாயிற்றுக்கிழமை எண்ணூரிலிருந்து மைத்துனன் வந்திருந்தான். அறுபத்தேழு வயது, பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டான். 1984-க்குப் பிறகு ஒரு நாளும் அந்த இருமல் வந்ததில்லை. வருடத்தில் நாலைந்து தடவை வருவான், சாப்பிடாமல் போகமாட்டான், என்னை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவான். ஆனால் தோள்பையில் எப்போதும் சொந்தத் தண்ணீர் பாட்டில் இருக்கும்.

பேத்தி அவனிடம் தன் பெட்டியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். கிருமி துடிப்பதைச் சொன்னதும் அவன் கவனமாகக் கேட்டான். "உயிரோட இருந்தா ஆடும், செத்தா நின்னுடும். அவ்ளோதானா?"

"அவ்ளோதான் எண்ணூர் தாத்தா."

"எங்க காலத்துல எட்டு வாரம்."

"இப்ப ஆறு" என்றாள் அவள்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. நானும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெருக்கல் குறி போட்ட டம்ளர் வீட்டில் இல்லை, கல்ச்சர் முடிவு வந்த வாரமே பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டாயிற்று. அவன் காபியைக் குடித்து முடித்தான். பிறகு, எப்போதும் செய்வதுபோல, டம்ளரைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.